பம்பும் வெப்பமானியும்

ஞானசிகாமணி இருபத்தைந்து வருடம் எலெக்ட்ரானிக்ஸ் போர்டுகளைப் பழுது பார்த்தவர். ஐம்பத்திரண்டாவது வயதில் கர்னல் எழுதக் கற்றுக்கொள்ள மெஹருன்னிசாவிடம் வந்து சேர்ந்தார். மெஹருன்னிசாவுக்கு முப்பத்துநான்கு. டயாலிசிஸ் இயந்திரத்தின் எல்லா பாகங்களையும் உள்ளிருந்து இயக்கும் மென்பொருள்தான் அந்தக் கர்னல்.

பழைய பம்பு மோட்டார் தயாரிப்பு நின்றுபோயிருந்தது. புது மோட்டாருக்கு ஏற்றபடி கர்னலில் பம்பின் பகுதியை மாற்றும் வேலை ஞானசிகாமணிக்கு வந்தது. ஏழு மருத்துவமனைகள் காத்திருந்தன.

பம்பு ஓடியது. திரை உறைந்தது. திரையைச் சரிசெய்தார், அலாரம் ஊமையானது. அலாரத்தைச் சரிசெய்தார், பம்பு நின்றது. நல்லவேளை, எல்லாம் சோதனை மேசையில்தான்.

"மேடம், நான் தொட்டது ஓரிடம். கெடுறது நாலு இடம். எனக்கு இது வராது போல."

மெஹருன்னிசா அவர் எழுதியதைப் பார்க்கவில்லை.

"பம்பை விடுங்க சார். வெப்பம் அளக்குற சென்சாரும் புதுசு வந்திருக்கு. அதுக்கு ஏத்த மாதிரி கர்னல்ல வெப்பமானிப் பகுதியை மாத்திட்டு வாங்க."

"அதுக்கு எத்தனை வாரம் ஆகும்?"

"நீங்களே வந்து சொல்லுங்க."

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அவர் திரும்பி வந்தார்.

"முடிஞ்சிருச்சு மேடம். எல்லா சோதனையும் ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்துட்டேன். வேற எதுவும் அசையல."

"ஏன்?"

"வெப்பம் எவ்வளவுன்னு திரை, அலாரம் எல்லாரும் அதுகிட்ட கேட்டுத்தான் வாங்குறாங்க. உள்ளே யாரும் கை வைக்கல. அதுவும் யார் உள்ளேயும் கை வைக்கல." சற்று யோசித்தார். "பம்புல அப்படி இல்ல. திரை பம்புக்குள்ளே புகுந்து வேகக் கணக்கை எடுக்குது. அலாரம் உள்ளே புகுந்து எழுதுது."

"அப்போ?"

"பம்பைப் பிரிச்சு எழுதணும்."

ஆறு வாரம் பிடித்தது. வெப்பமானிப் பகுதியைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டே எழுதினார். அது மொத்தமே இருநூறு வரிதான். சில வரிகளை வேலைக்காக இல்லாமல் சும்மாவே திரும்பப் படித்தார்.

இந்த முறை மோட்டாரை மாற்றியபோது திரை ஓடியது, அலாரம் அடித்தது. ஏழு மருத்துவமனைகளுக்கும் இயந்திரங்கள் போயின.

"மேடம், வெப்பமானியை எழுதினவங்க யாரு? நேர்ல பார்த்து ஒரு கும்பிடு போடணும்."

"தெரியாது சார். பழைய பம்பை எழுதினவர் போன் நம்பர் எனக்கு மனப்பாடம். இவங்களைத் தேட வேண்டிய அவசியம் நான் இங்க வந்த ஒன்பது வருஷத்துல ஒருநாளும் வரல."