நாலு டிராயர் மேசை

ஒரு ஊர்ல ஒரே வீட்ல ரெண்டு மருமக இருந்தாங்க. மூத்தவ பூங்கொடி, இளையவ மேகலா. கண்ணை மூடிட்டே கேளு, அத்தை சொல்றேன்.

"ம்."

மேகலா ஒரு கம்பெனிக்கு வீட்ல இருந்தே கணக்கு எழுதுறவ. மேசை வேணும்னு பழைய சாமான் கடைக்குப் போனா. ஆபீஸ்ல ஃபைல் வைப்பாங்கல்ல, டிராயர் டிராயரா இரும்பு அலமாரி, அதுல ரெண்டு டிராயர் வச்சது ஒரு ஜோடி வாங்கியாந்தா. ரெண்டையும் தள்ளித் தள்ளி நிறுத்தி, மேல ஒரு பிளைவுட் பலகையை டொப்புனு போட்டா. அவ்ளோதான், மேசை.

அப்புறம் மாமனாருக்குக் காப்பி அந்த மேசையில, பேப்பரும் அந்த மேசையில. பூங்கொடி பொறுத்துக்கிட்டா. ஆனா அவ பொண்ணு தாமரை, உன் வயசுதான், சாயந்திரமானா பையைத் தூக்கிட்டு நேரா சித்திகிட்ட ஓடுது. வீட்டுப்பாடமும் அங்க, சிரிப்பும் அங்க. அம்மா கூப்பிட்டா, "இரும்மா"ங்குது. பூங்கொடிக்கு வயிறு எரியுமா எரியாதா?

"ம்."

அப்போ புருஷன்கிட்ட, "எனக்கும் மேசை வேணும்"னா.

"நீ என்ன எழுதப் போற?"

"வேணும்."

அப்புறம் அதே கடைக்குப் போனா. அவளுக்கு ரெண்டு டிராயர்னா எனக்கு நாலு. கடைக்காரர், "ஏம்மா, மேசைக்குன்னா..."ன்னு ஆரம்பிச்சாரு. "நாலு டிராயர் வச்சதே ஒரு ஜோடி குடுங்க"ன்னுட்டா. பலகையும் மேகலாவோடதை விட ரெண்டு சாண் நீளம். பொறாமைக்கு அளவெடுக்கத் தெரியாது பாரு. வண்டி வச்சுக் கடகடன்னு கொண்டாந்து இறக்கிப் பார்த்தா, மேசை பூங்கொடி கழுத்துக்கு வந்து நிக்குது.

சிரிக்காதடி. தூக்கம் போயிடும்.

தாமரையை நாற்காலியில உக்கார வச்சா. மேசைக்குக் கீழயே பிள்ளை காணாம போச்சு. அப்புறம் ரெண்டு தலகாணி போட்டா. நெத்தி மட்டும் தெரியுது. அப்புறம் நாற்காலி மேல முக்காலியை ஏத்தி உக்கார வச்சா. லொடக் லொடக்குனு ஆடுது.

"அம்மா, பயமா இருக்கு. நான் சித்திகிட்டயே எழுதுறேன்"னுச்சு தாமரை.

பூங்கொடிக்குக் கண்ணு கலங்கிருச்சு. பிள்ளையை இறக்கி விட்டா. பையை எடுக்கக் குனிஞ்ச தாமரை, சர்ருனு மேசைக்கு அடியில புகுந்துக்கிச்சு. ரெண்டு பக்கமும் இரும்புச் சுவர், மேல பலகைக் கூரை.

"அம்மா, இங்க வீடு மாதிரி இருக்கு. நீயும் வா."

இவ கூப்பிட்டு வராத பிள்ளை இப்போ இவளைக் கூப்பிடுது. பூங்கொடி அவசரமா நுழைஞ்சா, தலை ணங்குனு இடிச்சுது. தேய்க்கக்கூட இல்ல. தாமரை அவ மடியில சாஞ்சு எழுத ஆரம்பிச்சுது.

அப்போ மேகலா வந்து குனிஞ்சு பார்த்தா. "அக்கா, எனக்கும் இடம் இருக்கா?"

"இல்ல மேகலா"ன்னா பூங்கொடி.

"அத்தை... அதான் பெரிய பலகையாச்சே. இடம் இருக்குமே."

இருந்துச்சு. நாளைக்குக் குடுப்பா. இன்னிக்கு மட்டும் குடுக்க மாட்டா.

"ம்."

கதை மேசைக்கு அடியில சுருண்டு படுத்தாச்சு. நீயும் சுருண்டு படு.