வரப்பை அடைத்த நண்டு

காட்டோரத்தில் ஒரு கிழங்குத் தோட்டம் இருந்தது. அதன் சொந்தக்காரர் காட்டுப்பன்றி கிழங்கப்பன். தோட்டத்துக்குக் கீழே ஒரு வாய்க்கால் ஓடியது. தோட்டத்துக்கும் வாய்க்காலுக்கும் நடுவே ஒரு வரப்பு. அந்த வரப்பில் வளை தோண்டிக் குடியிருந்தாள் வரப்பாயி என்ற நண்டு.

வரப்பாயி அப்போது நிறைசூலி. வயிற்று மடிப்புக்குள் நூற்றைம்பது முட்டைகள். முட்டை பொரிந்து குஞ்சானதும், முதல் மழையில் வாய்க்கால் நிறையும்போது, பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கிவிட வேண்டும். அது நண்டுகளின் வழக்கம். அவளுக்கு வேறு வாய்க்காலும் கிடையாது, வேறு போக்கிடமும் கிடையாது.

கிழங்கப்பனுக்கோ வேறு கவலை. மண் களைத்துப் போய்விட்டது. ஒரு காலத்தில் பூசணிக்காய் அளவுக்கு விளைந்த கிழங்கு, இப்போது நெல்லிக்காய் அளவுக்குச் சுருங்கிவிட்டது. பாவம், பன்றியின் வயிற்றுக்கு நெல்லிக்காய் எந்த மூலைக்கு!

இந்தச் சமயம் பார்த்து வந்து சேர்ந்தான் நரி தேனப்பன். பின்னால் பத்துக் கழுதைகள், முதுகில் மூட்டை மூட்டையாக எதையோ சுமந்துகொண்டு.

"மாமா! உங்க கவலை இன்னையோட தீர்ந்துச்சு!" என்றான்.

"அதென்னப்பா மூட்டையில?"

"குரங்குப்பட்டணத்துச் சாக்கடைக் கசடு!"

"சீச்சீ!"

"அட, முழுசாக் கேளுங்க! சும்மா அள்ளிட்டு வரலை. நாப்பது நாள் வெயில்ல காயவெச்சு, கிளறிவிட்டு, சுத்தம் பண்ணின கசடு. அத்தனையும் சத்து. உங்களுக்கு இனாம்!"

இனாம் என்ற சொல்லைக் கேட்டதும் கிழங்கப்பனின் வால் தானாக ஆடியது. ஒவ்வொரு நடைக்கும் பட்டணத்துக் குரங்குகள் நரிக்கு ஒரு கோழி கொடுத்தன. அந்தச் சங்கதியைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. அன்று மாலைக்குள் தோட்டம் முழுவதும் கணுக்கால் உயரத்துக்குக் கசடு பரப்பியாகிவிட்டது.

அப்பப்பா, அந்த நாற்றம்! முயல்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடின. கீரி சாப்பிட உட்கார்ந்து, சாப்பிடாமல் எழுந்தது. மறுநாளே மருதமரத்தடியில் காட்டுப் பஞ்சாயத்து கூடிவிட்டது. அதற்குத் தலைவி சந்தனம் என்ற புனுகுப்பூனை. காட்டிலேயே கூர்மையான மூக்கு தனக்குத்தான் என்று அவளுக்கு ஏகப்பட்ட பெருமை.

தேனப்பன் கையெடுத்துக் கும்பிட்டான். "தலைவி! மூணே நாள் கொடுங்க. நாத்தம் இருந்த இடம் தெரியாமப் பண்ணிடறேன்."

சொன்னபடியே செய்தான். சுண்ணாம்புத் தூளைத் தூவினான். நொச்சி இலையைக் குவித்துப் புகைமூட்டம் போட்டான். நான்காம் நாள் சந்தனம் தோட்டத்தைச் சுற்றி வந்து மோந்து பார்த்தாள். முயலும் கீரியும் மோந்து பார்த்தன. நாற்றம் போயே போய்விட்டது!

"வாசனை சுத்தம். ஆகவே கசடும் சுத்தம். புகார் முடிஞ்சது!" என்றாள் சந்தனம். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தக் காட்டில் எதையும் மூக்கால் பார்ப்பதுதான் பழக்கம். மூக்கு சரி என்றால் எல்லாம் சரி.

"முடியலைங்க தலைவி!" என்று ஒரு குரல் கேட்டது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வரப்பாயி ஒரு கொடுக்கை உயர்த்திக்கொண்டு நின்றாள். இன்னொரு கொடுக்கில் ஒரு கசட்டுக் கட்டி இருந்தது.

"நாத்தத்தைப் பத்தி நான் புகாரே சொல்லலையே! இதுக்குள்ள என்ன இருக்குன்னுதான் கேட்கிறேன்."

"மூக்கே இல்லாத உனக்கு இந்தப் பேச்சு எதுக்கு?" என்றது கீரி. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

வரப்பாயிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பின்வாங்கவில்லை. கட்டியைப் படக்கென்று உடைத்துக் காட்டினாள். வெளியே பழுப்பு நிறம். உள்ளே நீலமும் சிவப்புமாகக் கோடு கோடாக ஓடியது.

"குரங்குப்பட்டணத்துல தலைப்பாகைக்கும் கோவணத்துக்கும் சாயம் போடறாங்க. அந்தச் சாயத்தண்ணியும் இதே சாக்கடைக்குத்தானே வருது? இதைத் தொட்டதுல என் கொடுக்கு நுனி எரியுது!"

"அதெல்லாம் வெயில்ல காஞ்சே போச்சு அக்கா!" என்றான் நரி.

"சாயம் போட்ட துணியைக் காயவெச்சா தண்ணி போகும். சாயம் போகுமா?"

நரி மெல்லக் கூட்டத்தின் பின்னால் நகர்ந்தான். ஆனால் சந்தனத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தான் மோந்து பார்த்துச் சொன்ன தீர்ப்பை ஒரு நண்டு கேள்வி கேட்பதா!

"முடிஞ்ச வழக்கைக் கிளறாதே! போய் உன் வேலையைப் பார்!" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். கூட்டமும் கலைந்தது.

வரப்பாயி வளைக்குத் திரும்பினாள். நட்ட நடு மதியம். வரப்பின் மேல் மண்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. வெயிலைக் கண்டாலே மண்ணுக்குள் ஒளிந்துகொள்ளும் சாதி!

"ஏம்ப்பா, வெயில்ல வந்து சாகவா பார்க்கிறீங்க?"

"கீழே இருக்க முடியலை அக்கா. உடம்பெல்லாம் எரியுது. வெயிலே தேவலைன்னு வந்துட்டோம்," என்றது ஒரு புழு.

வரப்பாயி அந்தப் புழுவை முதுகில் ஏற்றிக்கொண்டு நேரே கிழங்கப்பனிடம் போனாள்.

"மாமா, இவன் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க."

"புழு பேச்சைக் கேட்டு நான் வெள்ளாமை பண்ணணுமா? போம்மா!"

மறுநாளும் போனாள். "கசடு போடறது தப்புன்னு நான் சொல்லலை மாமா. உங்க மண்ணு களைச்சது எனக்கும் தெரியும். ஆனா என்ன இருக்குன்னு தெரியாம மழைக்கு முன்னாடி இதை விட்டுவைக்காதீங்க. அள்ளி ஓரமாக் குவிச்சு வெச்சாலும் போதும்."

"என் தோட்டம் பச்சை பிடிக்கிறது உனக்குப் பொறுக்கலை!"

அதற்கடுத்த நாளும் போனாள். இந்தத் தடவை கிழங்கப்பன் காலால் தரையை உதைத்தார்.

"தலையைத் தின்னாதேம்மா! என் தோட்டம், என் இஷ்டம். என் வரப்புக்குள்ள நான் எதைப் போட்டா உனக்கென்ன?"

வரப்பாயி சட்டென்று நிமிர்ந்தாள். "வரப்புக்குள்ளன்னுதானே சொன்னீங்க?"

"ஆமா! வரப்புக்குள்ளதான்!"

"சரி மாமா. அப்ப அது வரப்புக்குள்ளயே இருக்கட்டும். வரப்புல இருக்கிற ஓட்டை எல்லாத்தையும் நானே அடைச்சுத் தர்றேன். தண்ணி வாய்க்காலுக்கு இறங்கற மடையையும் அடைச்சுடறேன். சம்மதமா?"

கிழங்கப்பனுக்கு வாயெல்லாம் பல். "அடைச்சுக்கோ, அடைச்சுக்கோ! சத்து ஒரு சொட்டு கூட வெளியே போகக் கூடாது!" பக்கத்தில் நின்ற நரியும், "அருமையான யோசனை!" என்று ஒத்து ஊதினான்.

அன்றே வேலை தொடங்கியது. களிமண்ணை உருண்டை பிடித்து, ஒவ்வோர் ஓட்டையாக அடைத்தாள். நண்டு போட்ட ஓட்டை, எலி போட்ட ஓட்டை, வேர் மக்கிப்போய் விழுந்த ஓட்டை. வேலை நடுவே முட்டைகள் பொரிந்து, குஞ்சுகள் வயிற்று மடிப்பில் கிச்சுக்கிச்சு மூட்டின. "சும்மா இருங்கடா, அம்மா வேலையா இருக்கேன்!" என்று அதட்டிக்கொண்டே மண் சுமந்தாள்.

"நண்டு போய் வரப்பை அடைக்குதாம்! உலகம் தலைகீழாப் போச்சு!" என்று முயல் கேலி செய்தது.

"வாய் பேசற நேரத்துல நாலு உருண்டை எடுத்துக் கொடேன்!" என்றாள் வரப்பாயி. முயல் அசடு வழிந்தது. ஆனால் மறுநாள் அதுவாகவே வந்து பின்னங்காலால் மண்ணை மிதித்துக் கொடுத்தது. அதற்கும் வாய்க்கால் தண்ணீர்தானே குடிதண்ணீர்!

மடைக்கு மட்டும் இரண்டு நாள் பிடித்தது. எட்டாம் நாள் ஒரே ஓர் ஓட்டை மிச்சம். அது வரப்பாயியின் சொந்த வளை. அவள் பிறந்து வளர்ந்த வீடு. கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றாள். வேறு வழியில்லை. கடைசி உருண்டையை வைத்து, அழுத்தி, தன் வீட்டைத் தானே மூடினாள். வாய்க்கால் ஓரத்தில் ஒரு கல்லுக்கடியில் போய் ஒண்டிக்கொண்டாள்.

பத்தாம் நாள் காலையில் மழை பிடித்துக்கொண்டது. கொட்டு கொட்டென்று கொட்டியது. தோட்டம் குளமாக நிறைந்தது. வரப்பு தாங்குமா, தாங்காதா? வரப்பாயி எட்டுக் காலாலும் வரப்பைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் ஓடினாள். கசிகிற இடத்தில் எல்லாம் மண்ணை அப்பினாள். வரப்பு தாங்கியது.

மழை விட்டது. தண்ணீர் தெளியத் தெளிய, ஓர் ஓரம் நீலமாகவும் ஓர் ஓரம் சிவப்பாகவும் மாறியது. இதையெல்லாம் கவனிக்கிற ஆளா கிழங்கப்பன்? தண்ணீர் தேங்கி நிற்பதைப் பார்த்தால் எந்தப் பன்றிதான் சும்மா இருக்கும்! தொபுக்கடீர் என்று விழுந்து புரண்டார்.

"ஐயோ! அம்மா! எரியுதே!"

உள்ளே விழுந்த வேகத்தைவிட வெளியே வந்த வேகம் அதிகம். முதுகுத் தோல் சிவந்து தடித்துவிட்டது. அலறல் கேட்டுக் காடே கூடிவிட்டது. சந்தனம் கரையில் நின்று மோந்து பார்த்தாள்.

"வாசனை நல்லாத்தானே இருக்கு?"

"அப்ப நீங்க ஒரு தடவை இறங்கிக் குளிங்களேன் தலைவி!" என்று கத்தினார் கிழங்கப்பன். சந்தனம் நீட்டிய காலைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"யாராவது மடையைத் திறங்க! எல்லாத்தையும் வாய்க்கால்ல விடுங்க! என் கிழங்கு அழுகிப் போகுது!" என்று கிழங்கப்பனே மடையை நோக்கி ஓடினார்.

மடையின் மேல் வரப்பாயி நின்றாள். இரண்டு கொடுக்கும் விரிந்திருந்தன.

"திறக்க முடியாது மாமா!"

"நகரு! மிதிச்சிடுவேன்!"

"மிதிங்க! என் வயித்துல நூத்தைம்பது குஞ்சு இருக்கு. இந்தத் தண்ணி வாய்க்காலுக்கு வந்தா அதுங்க ஒண்ணு கூட மிஞ்சாது. மிதிச்சாலும் சாவு, திறந்தாலும் சாவு. உங்க வரப்புக்குள்ள உங்க இஷ்டம்னு சொன்னீங்க. நான் மறுக்கலை. ஒரு சொட்டு இந்தப் பக்கம் வராது!"

கிழங்கப்பன் தூக்கிய காலோடு நின்றார். எரிகிற முதுகைத் திரும்பிப் பார்த்தார். அந்தச் சின்ன நண்டைப் பார்த்தார். ஆனைத்தோல் போன்ற தன் தோலுக்கே இந்தக் கதி என்றால், கடுகளவு குஞ்சுகளுக்கு? காலை மெல்லக் கீழே வைத்தார்.

"தப்பு என் மேலதாம்மா. நீ மூணு நாள் வந்து சொன்னே. நான் காதுலயே போட்டுக்கலை."

முயல் ஓடிப்போய் வரப்பாயியின் பக்கத்தில் நின்றது. பின்னாலேயே கீரியும் வந்து நின்றது. கூட்டத்தோடு வந்து, நைசாக நழுவப் பார்த்த நரியை அவனுடைய கழுதைகளே மறித்துக்கொண்டன.

"ஏண்டா, இதுல சாயம் இருக்குன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று கேட்டாள் சந்தனம்.

"சத்தியமாத் தெரியாதுங்க! நான் அந்தக் குரங்குகளைக் கேட்கவே இல்லை," என்றான் தேனப்பன்.

"கேட்காததுதான் உன் குத்தம். மோந்து பார்த்ததோட நிறுத்தினது என் குத்தம்," என்றாள் சந்தனம். அந்தக் கர்வக்காரி இப்படிச் சொல்வாள் என்று யாருமே நினைக்கவில்லை.

அங்கேயே தீர்ப்பும் ஆயிற்று. தண்ணீர் வற்றும்வரை வரப்பையும் மடையையும் கிழங்கப்பனே காவல் காக்க வேண்டும். வற்றியதும் மேல்மண்ணோடு கசட்டைச் சுரண்டி, நரியே தன் முதுகில் சுமந்து, அனுப்பிய குரங்குகளிடமே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கழுதைகள் உதவக் கூடாது! இனிமேல் யார் நிலத்துக்கு எது வந்தாலும், உள்ளே என்ன இருக்கிறது என்று அக்கம்பக்கத்தாருக்கு முதலில் சொல்ல வேண்டும். குவியலின் நடுவிலிருந்து எடுத்து உடைத்துக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் பரப்பலாம்.

அந்த வருஷம் கிழங்கப்பனுக்கு ஒரு கிழங்குகூடத் தேறவில்லை. முயலும் கீரியும் கொண்டுவந்து கொடுத்த காயைத் தின்றே காலம் தள்ளினார். தோல் உரிந்து முதுகு ஆற இரண்டு மாதம் ஆயிற்று. அத்தனை நாளும் அவர் மடையை விட்டு ஓர் அடி நகரவில்லை.

தீர்ப்பான அன்று மாலை, வரப்பாயி மெதுவாக வாய்க்காலில் இறங்கினாள். புதுத்தண்ணீர் சலசலவென்று ஓடியது. அடியில் கிடந்த கூழாங்கல் வரைக்கும் தெரிந்தது. வயிற்று மடிப்பை விரித்தாள். நூற்றைம்பது குஞ்சுகளும் ஒன்றன் பின் ஒன்றாகத் தண்ணீரில் குதித்து ஓடின. அவள் ஆனந்தத்தில் அழுதேவிட்டாள்.

நம் நிலத்தில் நாம் கொட்டுவது நம் வரப்போடு நின்றுவிடாது. ஆகவே பக்கத்தில் வாழ்கிறவர் கேட்கும் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்ன பிறகே எதையும் மண்ணில் கொட்ட வேண்டும்.