வெளியே கேட்காத டிரம்ஸ்

சேலத்தில் ஒரு பஞ்சர் கடையின் மாடியில் மாசிலாமணி டிரம்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு வயது. ஞாயிறு காலையில் தேவாலயத்தில் வாசிப்பார். முகூர்த்த நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவோடு மண்டபங்களுக்குப் போவார். மற்ற நாட்களில் மாலை ஐந்து மணிக்கு மேல் அந்த மாடியறையில் இருப்பார். அதிகம் பேசமாட்டார். படிக்க வந்தவர்கள் எல்லோரும் அவரை மாஸ்டர் என்று அழைத்தார்கள்.

அவரிடம் படித்தவர்களிலேயே மூத்தவள் பரிமளம். அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, பிறகு கம்ப்யூட்டருக்கு மாறி, முப்பது வருடமாக அதே ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவோடு இருந்தாள். அம்மா பதினோரு வருடம் படுக்கையில் கிடந்து பங்குனியில் இறந்துபோனாள்.

காரியம் முடிந்ததும் தம்பி குடும்பம் ஓசூருக்குத் திரும்பிவிட்டது. அதற்குப் பிறகு அந்த இரண்டாம் மாடி வீட்டில் அவள் மட்டும்தான். சாயங்காலம் ஆறரைக்கு உள்ளே போனால், மறுநாள் அலுவலகத்துக்கு வந்து யாரிடமாவது பேசும்போதுதான் அவள் குரல் அவளுக்கே கேட்கும்.

வைகாசியில் ஒரு நாள் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். பஞ்சர் கடை மாடியிலிருந்து சத்தம் வந்தது. இரண்டு பஸ்களை விட்டாள். மூன்றாவது பஸ் வந்தபோது மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"யாரைச் சேர்க்கணும்க்கா?" என்று மாஸ்டர் கேட்டார்.

"என்னைத்தான்."

அவர் இரண்டு குச்சிகளை எடுத்து நீட்டினார்.

"எந்தக் கை பழக்கம்?"

"ரெண்டும். டைப் அடிச்ச கை."

"உக்காருங்க."

வாரத்துக்கு மூன்று நாள் போனாள். சொன்னதை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். வலது கை ஒன்று செய்ய இடது கை வேறொன்று செய்ய, கால் தன் பாட்டுக்கு இன்னொன்று செய்வது மற்றவர்களுக்கு மாதக்கணக்கில் வராது. அவளுக்கு மூன்றே வாரத்தில் வந்தது. ஆனால் மிக மெதுவாக அடித்தாள். குச்சி தோலின் மேல் விழாது, இறங்கி உட்காரும்.

ஒரு நாள் அவளே கேட்டாள்.

"நான் சரியா வாசிக்கிறேனா மாஸ்டர்?"

"தாளம் பிசகல."

"வேற?"

"அடுத்த பாடம் எடுத்துக்கலாம்."

புரட்டாசியில் அவள் ஒரு யோசனையோடு வந்தாள். வகுப்பு முடிந்த பிறகும் போகாமல் நின்றாள்.

"வீட்லயே வாசிக்கலாம்னு இருக்கேன் மாஸ்டர். எலக்ட்ரானிக் டிரம்ஸ் இருக்காமே. ஹெட்போன் போட்டுக்கிட்டா நமக்கு மட்டும்தான் கேக்குமாம்."

"ஆமா."

"எனக்குப் பெருசா வேண்டாம். விலை கம்மியா ஒண்ணு. வெளிய சத்தமே போகக்கூடாது."

"பக்கத்து வீட்ல ஏதாவது சொல்றாங்களா?"

"எதிர்வீட்ல புதுசா குடி வந்திருக்காங்க. நான் அங்க இருக்கிறதே அவங்களுக்குத் தெரியாது. போன வாரம் கேஸ்காரர் வந்தப்ப அது பூட்டின வீடுன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்க."

மாஸ்டர் சிரிப்பார் என்று எதிர்பார்த்து அவள் கொஞ்சம் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"வீட்ல எதுக்குக்கா?"

"சாயங்காலம் போகமாட்டேங்குது மாஸ்டர்."

அடுத்த சனிக்கிழமை இருவரும் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் மூன்று செட்டுகளைக் காட்டினார். ஒன்று மேஜைமேல் விரித்துச் சுருட்டி வைப்பது. மாஸ்டர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஒன்றில் தோலுக்குப் பதில் வலை கட்டியிருந்தது; தட்டினால் சத்தமே இல்லை, ஆனால் விலை அதிகம். மூன்றாவதில் தோல் இருக்கும் இடத்தில் கறுப்பு ரப்பர் பேடுகள். அவள் மனதில் வைத்திருந்த தொகைக்குள் அதுதான் வந்தது.

மாஸ்டர் குனிந்து அதன் கால் பெடலை அழுத்திப் பார்த்தார். எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் கம்பிச் சட்டத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"பெடல் கெட்டியா இருக்கு. சட்டமும் ஆடல. வீட்டுக்கு இது போதும்."

"உக்காந்து பாருங்க மேடம்" என்றார் கடைக்காரர்.

கடையில் ஆட்கள் இருந்தார்கள். பரிமளம் தலையை ஆட்டி மறுத்தாள். மாஸ்டர் ஹெட்போனை அவள் காதில் மாட்டிவிட்டு, தானே உட்கார்ந்து வாசித்தார். அவள் காதுக்குள் ஒரு மண்டபமே அதிர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு சட்டென்று ஹெட்போனைக் கழற்றினாள். ரப்பரில் குச்சி படும் சத்தம் மட்டும் இருந்தது.

"இவ்வளவுதான் வெளிய கேக்குமா?"

"இவ்வளவுதான். கீழ்வீட்டுக்குக் காலோட அதிர்வு தெரியாம ஒரு பாய் போட்டுக்கங்க."

"அப்ப இதையே எடுத்துக்கறேன்."

இரண்டு அட்டைப்பெட்டிகள் ஆட்டோவில் வந்து இறங்கின. பரிமளம் விளக்கப் புத்தகத்தைப் பார்த்து எல்லாவற்றையும் தானே பூட்டினாள். ஹாலில் வைத்தாள். கீழே பாயை இரண்டாக மடித்துப் போட்டாள். முகம் கழுவி, தலை வாரி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

வாசித்தாள். கால் மட்டும் கேட்டது.

தும். தும். தும்.

கைக்கு ஒன்றும் வரவில்லை. எப்போதாவது ஒரு பேட் லேசாக முனகியது. தாளத்தட்டுக்காக இருந்த சிம்பலைத் தட்டினாள், மௌனம். ஒயர்களைக் கழற்றி மாட்டினாள். புத்தகத்தை முதலிலிருந்து படித்தாள். சத்தத்தை ஏற்றும் குமிழைக் கடைசி வரை திருப்பினாள். கால் பெரிதாகக் கேட்டது, அவ்வளவுதான்.

கடைக்குப் போன் செய்தாள். இரண்டு நாள் கழித்து மெக்கானிக் வந்தார். ஒவ்வொரு பேடாகத் தட்டினார். ஒவ்வொன்றும் பேசியது.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு மேடம்."

அவர் போன பிறகு உட்கார்ந்தாள். கால் மட்டும். திரும்பவும் போன் செய்தாள். ஒரு பேடை மாற்றிக் கொடுத்தார்கள். அதுவும் அப்படியே. மூன்றாம் தடவை கடையில் போனை எடுத்தவரின் குரலே மாறியிருந்தது. அவள் வேறு எதுவும் கேட்காமல் வைத்துவிட்டாள்.

ஒரு வாரம் தினமும் சாயங்காலம் அதன் முன்னால் உட்கார்ந்தாள். யாரும் இல்லாத பெரிய வீட்டில் யாரோ ஒருவர் மட்டும் நடப்பதுபோல் கால் சத்தம் காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. பிறகு உட்காருவதையும் விட்டாள். அதன்மேல் ஒரு பழைய புடவையைப் போர்த்தினாள். வகுப்புக்கும் போகவில்லை. ஊருக்கெல்லாம் கேட்கிறது, எனக்கு மட்டும் மாட்டேன் என்கிறது என்று தோன்றிக்கொண்டே இருந்தது. ஒரு பொருளின் மேல் இப்படிக் கோபம் வருகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

மாஸ்டர் போன் செய்தார்.

"ரெண்டு வாரமா காணோமேக்கா."

"செட் சரியில்ல மாஸ்டர்."

"வகுப்புக்கு வர்றதுக்கு என்ன?"

அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் வர்றேன். என்னன்னு பாக்கலாம்."

ஞாயிறு இரண்டு மணிக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை. கதவுக்குப் பக்கத்தில் பெல் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு ஒயர்கள் நீட்டிக்கொண்டிருந்தன. நுனியில் டேப் சுற்றியிருந்தது. கதவைத் தட்டினார். கதவின் விளிம்பெல்லாம் துணிப்பட்டை ஒட்டியிருந்ததால் அந்தத் தட்டல் உள்ளே போகவில்லை. போன் செய்தார். அவள் வந்து திறந்தாள்.

"பெல் ரிப்பேராக்கா?"

"இல்ல மாஸ்டர். கழட்டிட்டேன். அம்மாவுக்குச் சத்தம் ஆகாது. திடீர்னு ஏதாவது கேட்டா உடம்பு தூக்கிப் போடும். நாக்கக் கடிச்சுக்கும். ரெண்டு தடவ ரத்தமே வந்துடுச்சு. அதுக்கப்புறம் கழட்டிட்டேன்."

"எப்ப?"

"பத்து வருஷத்துக்கு மேல இருக்கும்."

நாற்காலிக் கால்களில் சைக்கிள் டியூபை வெட்டி மாட்டியிருந்தாள். சமையல் மேடையில் நாலாக மடித்த கோணி. அதன்மேல்தான் பாத்திரங்கள். டிவி மேல் உறை போட்டிருந்தது. அவள் நடந்தபோது பாதம் தரையில் படும் ஓசை இல்லை. மாஸ்டர் தன் செருப்பில்லாத கால்கள் எழுப்பும் சத்தத்தைக் கேட்டார். அவரும் மெதுவாக நடக்க ஆரம்பித்திருந்தார்.

அவள் டீ கொண்டுவந்தாள். டம்ளரை வைத்தது கேட்கவில்லை.

"யார் யார் வருவாங்கக்கா இங்க?"

"தம்பி தீபாவளிக்கு வரேன்னிருக்கான்."

டீயைக் குடித்து முடித்து அவர் புடவையை எடுத்தார். ஸ்டூலில் உட்கார்ந்து ஹெட்போனைக் காதில் வைத்தார். ஒவ்வொரு பேடாகத் தட்டினார்.

"எல்லாம் எடுக்குதே."

"மெக்கானிக்கும் அதைத்தான் சொன்னாரு. நான் தட்டினா எடுக்காது. நீங்களே பாருங்க."

"நீங்க வாசிக்கிறது எனக்கும் கேக்கணும்."

துணிப்பையிலிருந்து ஒரு சின்ன ஸ்பீக்கரை எடுத்தார். ஹெட்போன் ஒயரைப் பிடுங்கிவிட்டு அதைச் சொருகினார்.

"ஸ்பீக்கர் வேண்டாம் மாஸ்டர்."

"எங்க கோளாறுன்னு தெரியணும்ல."

"ஒரு நிமிஷம் இருங்க."

ஹாலுக்கு அந்தப் பக்கம் ஓர் அறை. கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. அவள் போய் அதைச் சாத்தினாள். கொண்டி விழும் ஓசைகூட வராதபடி கையால் தாங்கி மூடினாள். திரும்பி வந்து நின்றாள்.

"இப்ப வாசிங்க."

மாஸ்டர் அவளையும் கதவையும் பார்த்தார். பிறகு நான்கு சுற்று வாசித்தார். அந்த வீட்டின் சுவர்களுக்கு அது புதிது. பரிமளம் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். அவர் நிறுத்தியதும்தான் மூச்சு விட்டாள்.

"நீங்க வாங்க."

உட்கார்ந்தாள். வாசித்தாள். ஸ்பீக்கரிலிருந்து கால் மட்டும் வந்தது. தும். தும். தும். அவள் கைகள் விடாமல் ஓடிக்கொண்டிருந்தன. ஓரிடத்திலும் தாளம் பிசகவில்லை. கைக்கு ஒரு சத்தமும் இல்லை.

குச்சிகளை மடியில் வைத்தாள்.

"பாத்தீங்களா. எனக்கு மட்டும் எடுக்கமாட்டேங்குது."

மாஸ்டர் அவள் மடியில் கிடந்த குச்சிகளைப் பார்த்தார்.

"கோளாறு எதுல மாஸ்டர்?"

"மெதுவாத் தட்டினா இதுக்குத் தெரியாதுக்கா. காலுக்கு அந்தப் பெடலோட கனமே போதும், அதான் கேக்குது. அவ்வளவுதான்."

"அதுக்கு ஏதாவது பண்ணமுடியாதா?"

"பண்ணலாம். ஒயரெல்லாம் வந்து சேர்ற இந்தப் பெட்டியில ஒரு செட்டிங் இருக்கு. அதை ஏத்தி வெச்சா விரல்பட்டாக்கூட எடுக்கும்."

அவள் முகம் தெளிந்தது.

"அப்ப அதை ஏத்திக் குடுத்துடுங்க."

மாஸ்டர் எழுந்தார். பெட்டியின் பக்கம் போகவில்லை. ஹாலைக் கடந்து அந்த அறைக் கதவின் கொண்டியை எடுத்து, கதவை முழுவதுமாகத் திறந்து சுவரோடு சாய்த்தார். உள்ளே ஒரு கட்டில். விரிப்பு சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகியிருந்தது. தலையணைக்குப் புது உறை. ஜன்னல் வழியாக வெயில் கட்டில்மேல் பாதிவரை வந்திருந்தது. கட்டிலில் யாரும் இல்லை.

அவர் திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தார்.

"வாசிங்கக்கா."

பரிமளம் குச்சிகளை எடுத்தாள். வலது கையைத் தூக்கினாள். காது வரைக்கும் தூக்கினாள். அங்கேயே நின்றது.

"கதவைச் சாத்திடுங்க மாஸ்டர்."

"எதுக்கு?"

"சாத்திடுங்க."

"எதுக்குக்கா?"

"அம்மா முழிச்சுக்கும்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. தெருவில் ஒரு ஸ்கூட்டர் போனது. எதிர்வீட்டில் யாரோ தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கை கீழே இறங்கியது. ஒரு குச்சி நழுவிப் பாயில் விழுந்து உருண்டது. அவள் அதை எடுக்கவில்லை. ஏழு மாதமாக அழாதவள் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதாள்.

மாஸ்டர் அவள் அழுது முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். அறைப்பக்கம் பார்க்கவில்லை. பிறகு குச்சியை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"முழிக்கட்டும்க்கா" என்றார்.