விசிலுக்குச் சொந்த மைதானம் இல்லை

ஆஸ்திரேலியாவில் கோதுமை விளையும் ஒரு வட்டாரத்தில் ஒரு விசில் இருந்தது. கால்பந்து நடுவரின் கையில் அதற்கு வேலை. அந்த ஊர்க் கால்பந்து வேறு மாதிரி. பந்து முட்டை வடிவம். கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். எதிராளியின் கழுத்தைப் பிடித்து இழுத்தால் மட்டும் விசில் விடாது. இழுபட்டவனுக்கு, யாரும் குறுக்கே வராமல் ஓர் உதை கிடைக்கும்.

"எந்த ஊரானாலும் எனக்கு ஒன்றுதான்," என்று விசில் பந்திடம் சொல்லும். "எனக்குச் சொந்த மைதானம் கிடையாது."

"ஆனாலும் கோணல் என்று பெயர் வாங்கியது நான்," என்று பந்து சிரிக்கும்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமை ஆட்டத்துக்கு வருகிறவர்கள் மைதானத்து வேலியை ஒட்டிக் கார்களை நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்து பார்ப்பார்கள். கோல் விழுந்தால் ஹாரன் அடிப்பார்கள். நடுவர்மேல் கோபம் வந்தாலும் ஹாரன்தான்.

ஒரு சனிக்கிழமை ஆற்றங்கரை ஊர் அணி ரயிலடி ஊருக்கு ஆட வந்தது. வேலி நெடுக ரயிலடி ஊரின் லாரிகளும் ஜீப்புகளும். வந்தவர்களுக்குக் கழிப்பறை ஓரத்தில்தான் இடம் கிடைத்தது. அங்கே ஒரு பழைய வெள்ளைக் காரில் தவமலரும் அவர் கணவர் இராசநாயகமும் இருந்தார்கள். மகன் செந்தூரன் ஆற்றங்கரை அணியில் ஆடினான். இன்றும் கோல் போடாவிட்டால் அடுத்த வாரம் இடமில்லை என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார்.

ஆட்டம் முடியப்போகும் நேரம். செந்தூரன் பந்தோடு கோல் கம்பங்களை நோக்கி ஓடினான். பின்னாலிருந்து ஒருவன் கழுத்தை வளைத்துப் பிடித்துச் சாய்த்தான். விசில் அதைப் பார்த்தது.

"கழுத்தையெல்லே பிடிச்சவன்!" தவமலர் ஹாரனை அழுத்தினார். அது மெலிதாகக் கீச்சிட்டது.

உடனே வேலி முழுக்க உறுமியது. "நடிக்கிறான்! ஆட்டத்தை விடு!"

விசிலுக்கு மூச்சு வரவில்லை. தயங்கியது. அதற்குள் பந்து எங்கோ போய்விட்டது.

"என்னப்பா, ஊதேல்லையே!"

"சத்தம் போடாதையும். எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும். பிள்ளை விழுந்து கிடக்கிறான், அதை ஒருத்தரும் பாக்கேல்ல."

ஆட்டம் கலைந்ததும் விசில் ஒரு லாரியின் ஹாரனிடம் கேட்டது. "ஏன் என்னை ஊத விடவில்லை?"

"நாங்களா? நாங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் அல்லவா இருந்தோம், தம்பி. உன் வாயை யார் பொத்தினார்கள்?"

அடுத்த சனிக்கிழமை ஆட்டம் ஆற்றங்கரை ஊரில். மலையடி ஊர் அணி வந்திருந்தது. செந்தூரன் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு மற்றவர்களுக்குத் தண்ணீர்ப் போத்தல் கொடுத்துக்கொண்டிருந்தான். வெள்ளைக் கார் இன்று வேலியின் நடுவிலேயே நின்றது.

ஆற்றங்கரைப் பையன் ஒருவன் கோலுக்கு எதிரே விழுந்தான். பிடித்தவனின் கை இடுப்பில்தான் இருந்தது. விசில் அதையும் பார்த்தது.

"கழுத்து! கழுத்து!" முதலில் அலறியது வெள்ளைக் காரின் ஹாரன். சுற்றியிருந்தவை எல்லாம் சேர்ந்துகொள்ள, தன் குரல் இவ்வளவு பெரியதா என்று அதற்கே ஆச்சரியமாக இருந்தது.

விசில் ஊதியது. ஊதிய பிறகுதான் தான் ஊதியது அதற்கே தெரிந்தது.

"கண்டியளே, இண்டைக்கு அதுக்குக் காது கேக்குது!" அந்த வாரத்தில் தவமலர் சிரித்தது அப்போதுதான்.

சிரித்தபடியே தலையைத் திருப்பினார். கழிப்பறை ஓரத்தில், மலையடி ஊரிலிருந்து வந்த ஒரு சிவப்புக் கார். உள்ளே ஒரு பெண் ஹாரனை ஓங்கி ஓங்கி அழுத்திக்கொண்டிருந்தாள். சத்தம் எதுவும் இங்கே வந்து சேரவில்லை. கை ஏறி இறங்குவது மட்டும் தெரிந்தது. மைதானத்தில் அவளுடைய மகனோ என்னவோ, பிடித்தவன் இரண்டு கைகளையும் விரித்தபடி நின்றான்.

உதை விழுந்தது. கோல். ஆற்றங்கரை ஊரே ஹாரனாக ஒலித்தது.

"என்ன, நீர் அடிக்கேல்லையே?" என்றார் இராசநாயகம்.

தவமலர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பைக்குள் போகும்போது விசில் பந்திடம் சொன்னது: "போன வாரம் அவர்களுக்கு, இந்த வாரம் இவர்களுக்கு. பார்த்தாயா, நான் எல்லோருக்கும் ஒன்றுதான்."

பந்து சிரிக்கவில்லை.

அந்தக் கோலுக்கு ஆற்றங்கரை ஊர் அடித்த அத்தனை ஹாரன்களும் விசிலுக்குக் கேட்டன. அடிக்காமல் இருந்த ஒன்றுதான் கேட்கவில்லை.