தளவாய் வீட்டு மாமரம்

எங்கள் ஊர் மேலத்தெருவில் அண்ணன் தம்பிகள் மூன்று பேர் இருந்தார்கள். மூத்தவன் தளவாய், அடுத்தவன் ஆண்டபெருமாள், கடைக்குட்டி சொரிமுத்து. மூவரும் தங்கமானவர்கள். யார் எதைச் சொன்னாலும் அப்படியே செய்வார்கள். அவர்களுக்கு வந்த வினையெல்லாம் அதனால் வந்ததுதான்.

தளவாய்க்கு வயது நாற்பது. இருபத்தேழு இடத்தில் பெண் பார்த்தும் ஒன்றும் அமையவில்லை. இருபத்தெட்டாவதாக, மகள் வடிவுக்காக மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார் கோமதிநாயகம். தோட்டக்கலை ஆபீசில் முப்பது வருஷம் கோப்பு கட்டி ஓய்வு பெற்றவர். தன் கையால் ஒரு செடி நட்டதில்லை. ஆனால் யார் நட்ட செடியிலும் குற்றம் கண்டுபிடிப்பார்.

முற்றத்தைப் பார்த்ததுமே அவர் முகம் சுருங்கியது. "பேருக்கு ஒரு பச்சை இல்லையே வே! இந்தப் பொட்டலுக்கா எம் பொண்ண அனுப்புவேன்? யோசிச்சு ஒரு தோட்டம் போடுங்க. ஆவணி பொறந்ததும் வாரேன். புடிச்சிருந்தா தட்டு மாத்திக்கிடுவோம்."

தளவாய்க்கு அன்று சோறு இறங்கவில்லை. வடிவின் போட்டோவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தம்பிகளோடு நர்சரிக்குப் போனான்.

நர்சரிக்கார இருதயராஜ் விவரமானவர். "அவசரப்பட்டு எதையும் நட்டுராதீய அண்ணாச்சி. மொதல்ல வெயில் எங்க விழுதுன்னு பாத்து அடையாளம் வைங்க. பொறவு தாள்ல வரைங்க. மாமரம் வைக்கணும்னா சின்னக் கன்னைப் பாக்கக் கூடாது. பெரிய மரமா வளந்து நிக்குன்னு நெனச்சுக்கிட்டுத்தான் மத்தது எல்லாம் செய்யணும். சுத்தி பதினஞ்சு அடி எடம் விடணும்."

"எல்லாமா?" என்றான் ஆண்டபெருமாள்.

"எல்லாந்தான்" என்றார் இருதயராஜ். பாவம், அவருக்கு இவர்களைத் தெரியாது.

மறுநாள் காலையில் வெயில் விழுந்த இடத்தைச் சுற்றிச் செங்கல் அடுக்கினார்கள். கஞ்சி குடித்துவிட்டு வந்து பார்த்தால் வெயில் நாலடி தள்ளிக் கிடந்தது.

"நீ செங்கல நகத்துனியாலே?" என்று தளவாய் அதட்டினான்.

"நான் தொடவே இல்லண்ணே. வெயிலுதான் நகந்துருக்கு" என்றான் சொரிமுத்து.

செங்கல்லைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க வெயில் பின்னாலேயே அலைந்தார்கள். சாயங்காலம் அது பக்கத்து வீட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டது. அந்த வீட்டுக்காரி விளக்குமாற்றை எடுத்ததால், வெயிலை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள்.

அடுத்து தாளில் வரைந்தார்கள். முற்றத்தின் நடுவில் மாமரம். தாளில் உள்ளபடியே தரையில் கோலப்பொடியால் பதினைந்தடிக்கு ஒரு வட்டம் போட்டார்கள். முற்றமே சிறியது. வட்டம் வாசற்படியைத் தாண்டி, பாதி அடுப்படியையும் வளைத்துக்கொண்டது.

"அடுப்பு மரத்துக்குக் கீழ வருதே. கொழுந்து கருகிராதா?" என்று ஆண்டபெருமாள் கவலைப்பட்டான். அன்று முதல் சமையல் தெருவில் நடந்தது.

மரம் பெரிதாக நிற்கிறது என்று நினைத்துக்கொண்டுதானே எல்லாம் செய்யவேண்டும்? கிளை இடிக்காமல் குனிந்தே வீட்டுக்குள் போனார்கள், குனிந்தே வந்தார்கள். ஒருநாள் சொரிமுத்து ஞாபகமில்லாமல் நிமிர்ந்து நடந்துவிட்டான். பிறகு நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அண்ணன்மார் மஞ்சள் பத்து போட்டுவிட்டார்கள்.

இதற்கு நடுவே இருதயராஜ் மாங்கன்று ஒன்றைக் கொடுத்தனுப்பினார். மூவரும் அதைச் சுற்றி நின்று யோசித்தார்கள்.

"இத எங்க வைக்க?"

"நடுவுல வைக்க முடியாது. அங்கதான் மரம் நிக்கே."

"ஓரத்துல?"

"நெழல்ல கன்னு வளருமாலே?"

மூவருக்கும் அது நியாயமாகப் பட்டது. கன்றைக் குளியலறைப் பக்கம் வைத்தார்கள். ஓர் ஆடு வந்து தின்றுவிட்டுப் போனது. பெரிய மரத்தைத் தொடாமல் போனதே என்று நிம்மதிப்பட்டார்கள்.

ஆவணி பிறந்தது. கோமதிநாயகம் வந்தார். "குனிஞ்சு வாங்க மாமா!" என்று மூவரும் அலறினார்கள். பதறிப்போய் அவரும் குனிந்தார். நிமிர்ந்து பார்த்தார். மண்தான் தெரிந்தது.

"தோட்டம் எங்க?"

தளவாய் தாளை நீட்டினான். கோப்பு கட்டிய கை அல்லவா, தாளைப் பார்த்ததும் அவருக்கு மற்றதெல்லாம் மறந்துவிட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதிலேயே மூழ்கிப்போனார். கடைசியில் உதட்டைப் பிதுக்கினார்.

"வாசலுக்கு இவ்வளவு பக்கத்துலயா மாமரம் வைப்பாக? வேரு அஸ்திவாரத்தப் பேத்துரும். இந்த மரம் இருக்க வரைக்கும் எம் பொண்ணு இங்க கால் வைக்க மாட்டா."

அத்தனை நாள் குனிந்து குனிந்து வளர்த்த மரம். மறுபக்கம் வடிவு. தளவாய் போட்டோவை எடுத்துப் பார்த்தான். மரம் இருந்த பக்கம் பார்த்தான். "வெட்டிருங்கலே" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஆண்டபெருமாள் கோடாரியை வீசினான். வீட்டின் மேல் விழுந்துவிடக்கூடாதே என்று சொரிமுத்து கயிற்றைத் தெருப்பக்கமாக இழுத்துப் பிடித்தான். கோமதிநாயகம் ரோட்டில் நின்று இரண்டு கையையும் நீட்டி மினி பஸ்ஸை நிறுத்தினார். "போதும், விழுந்துட்டு" என்று அவர் சொன்ன பிறகுதான் பஸ் போனது.

மறுநாள் அதே முற்றத்தில் தட்டு மாற்றினார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. கோமதிநாயகம் துண்டால் விசிறிக்கொண்டே சலித்துக்கொண்டார். "என்ன மாப்ள, உக்கார ஒரு நெழல் இல்லையே?"

"நேத்து வரைக்கும் இருந்துச்சே மாமா" என்று தளவாய் தேம்பினான்.

கல்யாணம் முடிந்து வடிவு வந்து வாசலில் நின்றாள். ஆரத்தி எடுத்தாயிற்று. வலது காலை எடுத்து வைத்து வாம்மா என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் காலை எடுத்தாள்.

"நில்லும்மா!" என்று பின்னாலிருந்து கோமதிநாயகம் கத்தினார். "இன்னும் கொஞ்சம் ஒசத்தித் தூக்கி வை. வெட்டுன மரத்த இவனுவ இன்னும் அப்புறப்படுத்தல!"