கொண்டுவந்ததை எடுத்துப் போ

சம்ரா நாட்டில் ஒரே வாரத்தில் ரொட்டி நின்றது, தண்ணீர் நின்றது, முத்துக் குளிக்கும் படகுகளும் கரையிலேயே நின்றன. எதிரி யாரும் வரவில்லை. நாங்களே போதும்.

எங்களிடம் முத்து உண்டு; வேலை செய்கிற வழக்கம் கிடையாது. பக்கத்து ஹத்ராவில் ஆள் உண்டு, வேலை கிடையாது. அவர்களும் அரபிகள், நாங்களும் அரபிகள். ஒப்பந்தம் போட்டோம். அவர்கள் ஆள் இங்கே, எங்கள் முத்து அங்கே. நன்றாகத்தான் ஓடியது.

அதைப் புதுப்பிக்க இரண்டு சுல்தான்களும் உட்கார்ந்தார்கள். கஹ்வா என்கிற அரபிக் காப்பியை ஊற்றியவன் முதல் கோப்பையை ஹத்ரா சுல்தானுக்கு நீட்டினான். விருந்தாளிக்குத்தானே முதலில் கொடுப்பார்கள்? எங்கள் சுல்தானுக்குச் சுருக்கென்றது.

"ஹத்ராவில் பிறந்த ஒருவரும் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு என் மண்ணில் இருக்கக்கூடாது! விலக்கு யாருக்கும் இல்லை!"

அமைச்சர்கள் ஆறு பேரும் தலையாட்டினோம். என் தலை கொஞ்சம் கூடுதலாகவே ஆடியது.

"கொண்டுவந்ததை ஒன்று விடாமல் எடுத்துப் போகவேண்டும் என்றும் சேர்ப்போம், சுல்தான் அவர்களே" என்றேன். கேட்கக் கம்பீரமாக இருந்தது. சபாஷ் கிடைத்தது.

ஆட்கள் கிளம்பினார்கள். தண்ணீர் இறைக்க அமைச்சர்கள் போனோம். வாளியைக் கிணற்றில் விட்டோம். கயிற்றையும் சேர்த்து விட்டுவிட்டோம்.

சுல்தானோடு சதுரங்கம் ஆடுகிற கிழவர் ஒருவர் உண்டு. நாங்கள் எல்லோரும் சுல்தானிடம் தோற்போம்; அவர் மட்டும் ஜெயிப்பார். அவரும் ஹத்ராக்காரர். பெண்டாட்டி, பேரன், பேத்தி எல்லாம் சம்ராவில். உத்தரவுப்படி அவர் மட்டும் போகவேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை, வாசலில் ஒட்டகத்தைப் படுக்கவைத்துவிட்டுச் சபைக்கு வந்தார்.

"விடைபெற வந்தேன்."

சுல்தான் முகம் வாடியது. ஆனாலும் விறைப்பாகச் சொன்னார். "உத்தரவு உத்தரவுதான், கிழவரே."

"சரி. கொண்டுவந்ததை எடுத்துப் போகவேண்டுமாமே?"

"ஒன்று விடாமல்!" என்று முந்திக்கொண்டேன்.

"விட்டுவிட்டுப் போனால்?"

"சிறை!" என்றேன். என்னை யார் கேட்டார்கள்?

கிழவர் நேரே சிம்மாசனத்தின் அருகே போனார். இரண்டு கையையும் நீட்டினார்.

"அப்படியானால் எழுந்திருங்கள், சுல்தானே. ஒட்டகம் காத்திருக்கிறது."

"என்ன உளறுகிறீர்?"

"உங்கள் தாயார் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனார்கள். தாய்வீடு ஹத்ரா. அங்கேதான் பிறந்தீர்கள். உங்களை மடியில் வைத்துக்கொண்டு எல்லை தாண்டியவன் நான். இந்த நாட்டுக்கு நான் கொண்டுவந்தது அது ஒன்றுதான். வழி நெடுக என் அங்கியை நனைத்தீர்கள். அதற்கு வழக்குப் போடவில்லை."

சுல்தான் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அப்புறம் சிரித்தார் பாருங்கள், தலைப்பாகை நழுவுகிற சிரிப்பு.

"என்னை நாடு கடத்த ஆறு அமைச்சர்கள் தலையாட்டியிருக்கிறார்கள்! கிழித்துப் போடுங்கள் அந்த உத்தரவை. ஒப்பந்தத்தை இனி இவர் எழுதட்டும். ஹத்ரா ஆட்கள் திரும்பும்வரை இந்த ஆறு பேரும் ஊருக்கு ரொட்டி சுடட்டும்!"

சுட்டோம். என் ரொட்டியை ஒட்டகம் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டது. ஆட்கள் திரும்பி வந்தார்கள், ஊர் பிழைத்தது.

காப்பாற்றியது யார் என்று கேட்டால் அமைச்சர்கள் என்று சொல்லித் தொலைக்காதீர்கள். ஹத்ராவில் பிறந்த கிழவர், துஃபைல்.