செயலியை நீக்கியவர்

"எந்த விளம்பரக் கம்பெனியை நம்பறதுன்னே தெரியலைங்க டீச்சர். தலை சுத்துது."

குழந்தைவேலுவுக்கு வயது ஐம்பத்தெட்டு. அவருக்கு மொபைல் செயலி செய்யக் கற்றுக்கொடுத்த பர்வீனுக்கு முப்பத்தொன்று.

மெடிக்கல் ஷாப்பை மகனிடம் விட்டுவிட்டு வந்து, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்த மனுஷன். சர்க்கரை நோயாளிகள் இன்சுலின் ஊசி போட்டதைக் குறித்துக்கொள்ள ஒரு செயலி செய்திருந்தார். இலவசம்தான். உள்ளே விளம்பரம் ஓடினால்தான் அது பிழைக்கும்.

"எத்தனை கம்பெனி பார்த்தீங்க?"

"மூணுங்க. ஒருத்தன் அள்ளித் தர்றேங்கறான். ஒருத்தன் சர்டிபிகேட்டா அடுக்கறான். இன்னொருத்தன் தேன் ஒழுகப் பேசறான். மாசத்துக்கு ஒண்ணா மூணையும் போட்டுப் பார்த்துட்டேன். மூணுமே சுத்தமாத்தான் இருக்குதுங்க. ஆனா ஜனங்க ஆப்பை நீக்கிட்டுப் போயிட்டே இருக்காங்க."

"யார் போன்ல பார்த்தீங்க?"

"என் போன்லதான்."

"செஞ்சவங்க போன்ல நிஜ விளம்பரம் வராதே, வெறும் மாதிரி விளம்பரம்தானே வரும்?"

"ஆமாங்க. நீங்கதானே அப்படி வெக்கச் சொன்னீங்க?"

பர்வீன் தலையை மட்டும் ஆட்டினார். கேள்வி கேட்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. குழந்தைவேலுவுக்கு எரிச்சலாக வந்தது. மூன்றில் ஒன்றைச் சொல்லித் தொலைத்தால் என்ன?

"நீக்கிட்டுப் போனவங்கள்ல ஒருத்தரைக் கூப்பிடுங்க" என்றார் பர்வீன் கடைசியில்.

தாராபுரம் காளியப்பனின் எண் இருந்தது. மெடிக்கல் ஷாப்பின் பழைய வாடிக்கைக்காரர். குழந்தைவேலு ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணா, குழந்தைவேலு பேசறனுங்க. நம்ம ஆப்பை ஏனுங்க எடுத்துட்டீங்க? ஏதாச்சும் குறைங்களா?"

"குறையா? அட போங்க தம்பி! நீங்க நல்லா இருக்கோணும். இந்தப் பொடியைக் குடி, ஊசியை இன்னைக்கே நிறுத்துன்னு உங்க ஆப்புலதானே போட்டிருந்துச்சு? நிறுத்திப்போட்டேன். நாலு நாளாச்சு. ஊசியே இல்லீங்கறப்ப குறிச்சு வெக்கறதுக்கு என்னங்க இருக்குது?"

குழந்தைவேலு போனைப் பார்த்துக் கத்தினார்.

"ஐயோ, அண்ணா! இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. அந்தப் பொடியைத் தொடாதீங்க. அதை நான் சொல்லலீங்க!"

அந்தப் பக்கம் காளியப்பன் குழம்பிப்போனார்.

"ஆப்புக்கு மேல உங்க பேர்தானுங்களே இருந்துச்சு? வேற எவனாச்சும் சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருப்பனா?"